ஐந்து டிகிரி

சலூன் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் கொடுத்த பிறகுதான் தர்மக்கண்ணுக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. பெரிய குத்தல் ஒன்றுமில்லை, சட்டைப்பையில் எதையாவது வைத்து மறந்துபோனால் உறுத்துமே, அப்படி. சில்லறையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அதற்குள் கோமதிநாயகம் வெள்ளைத் துணியைப் போர்த்திப் பிடரியில் முடிச்சுப் போட்டாயிற்று, பிரஷ் கன்னத்தில் சுற்ற ஆரம்பித்தாயிற்று. அவசரம் என்ன? பூஜை பதினொன்றரைக்கு. ஐஸ் கம்பெனி இரண்டு தெரு தள்ளி. முகத்தை வழித்துக்கொண்டு இஸ்திரி போட்ட சட்டையோடு நேராகப் போய் நின்றால் போதும். எதிர்க் கண்ணாடியில் மணி பார்த்தார். ஒன்றுக்குப் பத்து. பூஜை முடிந்திருக்கும், மிஷின் ஓடியிருக்கும், நடக்க வேண்டியதெல்லாம் நடந்திருக்கும். பிறகுதான் கண்ணாடியில் கடிகாரம் திரும்பித் தெரிகிறது என்று புத்திக்கு எட்டியது. பதினொன்று பத்து. இருபது வருஷமாக இதே நாற்காலி, இதே கண்ணாடி, ஒரு நாளும் ஏமாந்ததில்லை. இன்றைக்கு ஏன் ஏமாற வேண்டும், நடக்க வேண்டியது என்றால் எது நடக்க வேண்டியது, நல்ல நாளும் அதுவுமாக மனசு ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது என்று தன்னையே கடிந்துகொண்டார்.

“இன்னைக்கு உங்க நாளுல்லா அண்ணாச்சி,” என்றார் கோமதிநாயகம். “முதலாளி உங்களுக்குத் துண்டு போடப் போறாராம். சொடலை சொல்லிட்டுப் போனான்.” சொடலை அவருடைய மூத்த மகன், அந்தக் கம்பெனியில்தான் ஐஸ் உடைக்கிறான், போன வருஷம் கல்யாணமான பையன். தர்மக்கண் நுரைக்குள் இருந்து ம் என்றார். துண்டு போடத்தான் வேண்டும், போடாமல் என்ன? தடைக்காலம் இரண்டு மாதம் படகு எதுவும் கடலுக்குப் போகாது, அந்த இரண்டு மாதத்தில்தான் கம்பெனியில் கம்ப்ரஸரைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவார்கள். சனிக்கிழமை படகுகள் இறங்குகின்றன. அதற்குள் ஐஸ் உறைந்திருக்க வேண்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று முதலாளி இன்றைக்குக் குறித்தார், பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் மிஷினை விட்டுவிட வேண்டும். பிரித்தபோது பார்த்தால் சிலிண்டர் தலையை இறுக்கிப் பிடிக்கும் எட்டு நட்டும் உப்புக்காற்றில் அரித்துக் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்து மிஷின். கடையில் நட்டு கூடை கூடையாகக் கிடக்கிறது, ஒன்றும் இதற்குச் சேராது, இதன் புரி வேறு கோணம். இங்கிலீஷ் மரை. மேனேஜர் வெளியூரில் சொல்லிச் செய்யலாம், பதினைந்து நாள் ஆகும் என்றார். அப்போதுதான் தர்மக்கண் வாயைத் திறந்தார். அந்த வாயை இப்போது நினைத்தால் நுரை கசந்தது. “எதுக்கு வெளியூரு? எட்டையும் என் லேத்துல நான் கடைஞ்சு தாரேன். ஒண்ணு கழண்டாலும் என் மீசையை எடுத்துக்கிடுங்க.” எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பவுன்ராஜுக்குத்தான் எத்தனை பெருமை. கம்ப்ரஸர் ஓட்டுகிறவனே அவன்தான், தர்மக்கண்ணின் தங்கை புருஷன், பத்து வருஷமாக அந்த மிஷின் பக்கத்திலேயே நின்று காது பாதி மந்தமாகிப்போன ஆள். என் மச்சான் கடைஞ்ச நட்டு, என் மச்சான் கடைஞ்ச நட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

“மீசையை ஒதுக்கட்டுமா?” என்று கேட்டார் கோமதிநாயகம். வேண்டாம் என்று கையைத் தூக்கப் போனபோது துணிக்கு அடியில் விரல் சட்டைப்பையில் பட்டது. சில்லறை இல்லை. தட்டையாக, வழுவழுவென்று, ஒரு பக்கம் கூர்மையாகக் குழிந்து. கேஜ் போலிருக்கிறதே. மரை வெட்டுகிற டூலின் முனையைச் சாணையில் தீட்டும்போது கோணம் சரியா என்று வைத்துப் பார்க்கிற சின்னத் தகடு, கைவிரல் அளவுதான் இருக்கும். தகட்டின் குழிவில் டூல் முனையை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும், இடுக்கில் வெளிச்சம் கசியாவிட்டால் கோணம் சரி. அது ஏன் இங்கே? விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. தகட்டின் ஓரத்தில் ஒரு துளை, துளையில் ஒரு முடிச்சு, நூல். நூல் கட்டியிருக்கிறது. சிவப்பு நூல்; பார்க்க வேண்டியதே இல்லை, அவரே கட்டியது, கோயில் கயிற்றில் மிச்சம். அவரிடம் இரண்டு கேஜ் உண்டு. ஒன்று மில்லி மரைக்கு, அறுபது டிகிரி. இன்னொன்று இங்கிலீஷ் மரைக்கு, ஐம்பத்தைந்து. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் இங்கிலீஷ் கேஜுக்கு மட்டும் நூல். சரி, இங்கிலீஷ் கேஜ் பையில் இருக்கிறது. இருக்கட்டுமே, பத்திரமாகத்தானே இருக்கிறது, காணாமல் போகவில்லையே என்று நினைத்தார். கத்தி காதோரத்தில் இறங்கியது. இந்தச் சட்டையை எப்போது கடைசியாகப் போட்டோம் என்று அப்போதுதான் தோன்றியது, தோன்றியதும் தோன்றாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

போன ஞாயிறு இல்லை, அதற்கு முந்தின ஞாயிறு. பிஸ்கட் நிறச் சட்டை. கம்பெனிக்கு அளவெடுக்கப் போனபோது போட்டது. போல்ட்டின் மரையில் வைத்துப் பார்க்கத்தான் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இங்கிலீஷ் மரைதான் என்று பார்த்தார், மேனேஜரிடம் வாயடித்தார், வீட்டுக்கு வந்தார், சட்டையைக் கழற்றினார். ஜெயக்கொடி துவைத்து இஸ்திரிக்குப் போட்டாள். பையைத் துழாவிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, கட்டிக்கொண்ட நாளில் இருந்து கிடையாது. இஸ்திரி வண்டிக்காரர் இருக்கிறாரே, அவர் அதற்கு நேர்மாறு. பையில் கிடப்பதை எடுத்து வைத்துவிட்டு, தேய்த்து முடித்ததும் திரும்ப அதே பையில் போட்டுத்தான் கொடுப்பார். ஒரு தடவை பழைய பஸ் டிக்கெட்டைக்கூடத் தேய்த்துப் போட்டிருந்தார். அப்படி ஒரு நேர்மை. இன்று காலையில்தான் சட்டை வண்டியில் இருந்து வந்தது. அப்படியானால் நட்டு கடைந்தது என்றைக்கு? போன வியாழன், வெள்ளி. வியாழக்கிழமை சாயங்காலம் டூல் தீட்டினார். அன்றைக்கு இந்தச் சட்டை இஸ்திரி வண்டியில். அன்றைக்கு இந்தக் கேஜும் இஸ்திரி வண்டியில். அப்போது அவர் கையில் இருந்தது எது? கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். வேறு இங்கிலீஷ் கேஜ் இருந்ததா, இருந்தது, முன்னொரு காலத்தில் இருந்தது, முனை மழுங்கித் தூக்கிப் போட்டாயிற்று. ஒருவேளை இந்த நடுவில் இன்னொரு தடவை சட்டையைப் போட்டிருப்போமோ? வண்டியில் கிடந்த சட்டையை எப்படிப் போடுவது? மறுபடியும் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்கினார், விரலால் எண்ணினார், துணிக்குள்ளே எண்ணினார். ஞாயிறு சட்டை, வியாழன் டூல், புதன் இன்று. எத்தனை தரம் எண்ணினாலும் வியாழன் வியாழனாகவே நின்றது.

அப்புறம் நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம், மறதிதான் எத்தனை பெரிய வரம். வியாழன் சாயங்காலம் டிராயரைத் திறந்தார். ஒரு கேஜ் கிடந்தது. இங்கிலீஷ் கேஜ் கிடக்கிற அதே இடத்தில். எடுத்தார். நூல் இல்லை. நூல் இல்லை என்பதைப் பார்த்தார்! பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தார், கட்டை விரலால் துளையைத் தடவிக்கூடப் பார்த்தார். ‘நூல் அத்துப் போச்சு போல, பழைய நூலு’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. சாணைக் கல்லில் பொறி பறந்தது, டூலைக் கேஜில் வைத்தார், வெளிச்சம் கசியவில்லை, அருமையாகப் பொருந்தியது, நிம்மதியாக டீ குடித்தார். அறுபது டிகிரிக்கு அருமையாகப் பொருந்தியது. அங்குலத்துக்குப் பத்துப் புரி என்பது லேத்தின் பல்சக்கரம் பார்த்துக்கொள்கிற வேலை, அதில் பிசகில்லை. பிசகு இதில்தான். கண்ணில் குத்துகிற மாதிரி நூல் இல்லாத துளை சொல்லியும், அவராக ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டார். வேறு ஆளாக இருந்திருந்தால் ஒரு நிமிஷம் இன்னொரு கேஜையும் தேடிப் பார்த்திருப்பான். தர்மக்கண்ணுக்கு எதற்குத் தேட வேண்டும்? முப்பது வருஷ அனுபவமாயிற்றே.

ஐந்து டிகிரி. ஐந்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு மனசு. நட்டு ஏறியதே! பழைய போல்ட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தபோது விரல் நுனியால் தள்ளினாலே ஓடியது. பவுன்ராஜ் வெண்ணெய், வெண்ணெய் என்றான். ஆனால் அந்த வெண்ணெய்தான் இப்போது தொண்டையில் நின்றது. இங்கிலீஷ் போல்ட்டில் இங்கிலீஷ் நட்டு ஏறினால் கொஞ்சம் இழுக்கும், பல்லோடு பல் முழுசாக அப்பிக்கொண்டு வரும், அந்த இழுப்பு விரலுக்குத் தெரியும். இது வழுக்கிக்கொண்டு போனது. பல்லின் சரிவு முழுக்கச் சேராமல் ஓரத்தில் மட்டும் ஒரு கோடாகத் தொட்டிருக்கும், எட்டு நட்டும் அந்த எட்டுக் கோட்டில்தான் நிற்கின்றன. நின்றால் என்ன, நேற்று சாயங்காலம் காற்று அடித்துச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்களே, ஒரு குமிழி வரவில்லையே. வராது. நேற்று மிஷின் சும்மா நின்றது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உதறும். உதற உதற அந்தக் கோடு நசுங்கும். நசுங்கினால் இடம் வரும், இடம் வந்தால் நட்டு அசையும். எத்தனை நேரத்தில்? ஒரு மணியோ ஒரு மாசமோ, ஒன்றும் ஆகாமல் அடுத்த தடைக்காலம் வரைக்கும்கூட ஓடலாம். எத்தனை மிஷின் எத்தனை கோளாறோடு ஓடுகிறது நாட்டில்! ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். சூடு தண்ணீரில் கத்தியை முக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகாது. கத்தி தொண்டைக் குழிக்கு வந்தது, அவர் எச்சிலை விழுங்காமல் நிறுத்தி வைத்தார்.

ஐஸ் உறைய மிஷினுக்குள் ஓடுகிற அம்மோனியா கசிந்தால் முதலில் மூக்குக்கு வராது, கண்ணுக்குத்தான் வரும் என்று பவுன்ராஜ் சொல்வான். அதெல்லாம் தெரிந்தவன் பேச்சு. தர்மக்கண்ணுக்கு முதலில் வந்தது காக்கைகள். பன்னிரண்டு வருஷம் இருக்கும், வடக்கே ஒரு துறைமுகத்தில் லேத்துக்குச் சாமான் வாங்கப் போனவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். தூரத்தில் ஒரு தகரக் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரேயடியாக எழும்பின, கத்தாமல் எழும்பின, அதில் இரண்டு மூன்று எழும்ப முடியாமல் கூரையில் உருண்டன. அடுத்து ஆட்கள். ஈரத் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு குருடர்கள் மாதிரிக் கையை நீட்டி நீட்டி ஓடி வந்தார்கள். ஒரு பொம்பிளை நடுரோட்டில் உட்கார்ந்து மீன் வாயைத் திறக்கிற மாதிரித் திறந்து திறந்து மூடினாள். அப்புறம்தான் அந்த நெடி வந்து ஆயிரம் ஊசியாக மூக்கில் ஏறியது. ஏதோ ஒரு மூடி கழன்றுவிட்டதாம் என்றார்கள். ஏதோ ஒரு மூடி. எவனோ ஒருவன் கடைந்தது. அவன் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தானோ, சலூனில் இருந்தானோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தானோ. மூன்று பேர் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. இங்கே பூஜைக்கு எத்தனை பேர் வருவார்கள்? மிஷின் ரூம் சின்னது, ஒரே ஒரு கதவு. தங்கச்சி தங்கபுஷ்பம் சர்க்கரைப் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு வருவாள், போன வருஷமும் அவள்தான் வைத்தாள்.

இப்போதே போன் பண்ணிச் சொன்னால் என்ன? பேன்ட் பையில்தான் போன் இருக்கிறது, கை எட்டுகிறது. மாப்ள, மிஷினை விடாதே, மரை தப்பு, நான் தப்பாகக் கடைந்துவிட்டேன். பத்து வார்த்தை இல்லை. அந்தப் பத்து வார்த்தையைத் தர்மக்கண் இதுவரை ஒரு மனுஷனிடமும் சொன்னதில்லை. சொன்னதில்லை என்றும் இல்லை, ஒரு தடவை சொன்னார், அதுதான் கோளாறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் உப்பளத்து பம்புக்கு ஒரு மூடி கடைந்து கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல், அளவு பிசகிவிட்டது என்று விடியக்காலம் ஓடிப்போய்ச் சொன்னார். ஓடுகிற பம்பை நிறுத்தி, பிரித்து, அளந்து பார்த்தால் கடுகளவு பிசகில்லை. பண்ணையார் ஒன்றும் கத்தவில்லை. “கடைஞ்சவனுக்கே நம்பிக்கை இல்லன்னா எங்களுக்கு எப்படிவே இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பண்ணையில் இருந்து ஒரு வேலை வரவில்லை. டீக்கடையில் ரொம்ப நாள் அவருக்குச் சந்தேகக்கண் என்றுதான் பேர். மறுபடியும் அந்தச் சிரிப்பா? நிறுத்திப் பிரித்துப் பார்த்து, சரியாக இருந்துவிட்டால்? சரியாக இருக்காது, விரலில் நூல் இருக்கிறதே. சரியாக இல்லையென்றால் அதைவிடக் கேவலம். முதலாளி நாள் குறித்து, ஊரைக் கூட்டி, துண்டு வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஐஸ் இல்லாமல் எத்தனை படகு கரையில் நிற்கும், நிற்கிற ஒவ்வொரு படகும் யார் பேரைச் சொல்லும்? மீசையை எடுத்துக்கிடுங்க என்று சொன்னவர் யார்? கண்ணாடியில் முகம் பாதி நுரையும் பாதி வழித்ததுமாக இருந்தது, நடுவில் மீசை மட்டும் யாருடையதோ போலக் குந்தியிருந்தது. கண்ணாடிக் கடிகாரம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது, ஒன்றுக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. அதாவது பதினொன்று இருபத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷம்.

கை தானாகப் போனை எடுத்தது. “ஒரு நிமிசம் கோமதி,” என்றார். கோமதிநாயகம் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். மூன்றாவது மணியில் பவுன்ராஜ் எடுத்தான், எடுத்ததுமே அவன் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. தப், தப், தப்.

“மச்சான்! எங்க இருக்கீய? மிஷினை விட்டாச்சு! முதலாளி அவசரமாப் போவணும்னாரு, அஞ்சு நிமிசம் முன்னாலயே விட்டுட்டோம். சத்தத்தைக் கேளுங்க, எப்படி ஓடுதுன்னு!”

போனை மிஷின் பக்கம் நீட்டியிருப்பான். தர்மக்கண் கேட்டார். மிஷினை அவருக்குக் காதால் தெரியும். தப், தப், தப் என்று கனமாக, ஒழுங்காக. அதற்கு அடியில், ஒவ்வொரு தப்புக்கும் பிறகு, நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு டிக். இருந்ததா? போனில் வருகிற இரைச்சலா? இன்னொரு தடவை கேட்டார். டிக். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தார், வேறு ஒன்று வந்தது.

“தங்கபுஷ்பம் அங்கயா இருக்கா?”

“இங்கதான் மச்சான், மிஷின் பக்கத்துல. பாப்பாவும் வந்திருக்கா.”

“ரெண்டு பேரையும் வெளிய அனுப்பு. வீட்டுக்குப் போவச் சொல்லு.”

“என்னது? கேக்கல!”

“தங்கச்சியையும் பாப்பாவையும் வெளிய அனுப்புன்னேன்! சும்மாதான். மிஷின் ரூம்ல பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன நிப்பு?”

பவுன்ராஜ் சிரித்தான். “நீங்க ஒண்ணு! உங்க நட்டு இருக்கும்போது என்ன பயம்? சீக்கிரம் வாங்க, துண்டு காத்துக்கிட்டு இருக்கு,” என்றான். போன் கட்டாகிவிட்டது.

தர்மக்கண் போனை மடியில் வைத்தார். ஏதோ ஒரு காரியம் செய்து முடித்த மாதிரி ஒரு ஆறுதல் வந்தது, வெட்கங்கெட்ட ஆறுதல். சொல்லியாயிற்று. அவள் போய்விடுவாள். தலையைப் பின்னால் சாய்த்து மறு கன்னத்தைக் கொடுத்தார். கத்தி வரவில்லை. கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் கோமதிநாயகம் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பட்டணமெல்லாம் கழுத்தை நம்பிக் கொடுக்கிற மனுஷன். இப்போது கத்தியை மடக்கி மேஜையில் வைத்தார்.

“உங்க தங்கச்சியும் பிள்ளையும் மட்டுமா அங்க நிக்காவ அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டார்.

சொடலை. போன வருஷம் கல்யாணமான சொடலை. நூறு தடவை எண்ணிய விரலில் அவன் பேர் ஒரு தடவைகூட வரவில்லை. மாப்பிள்ளை பேர்கூட வரவில்லை, மிஷினில் இருந்து ஒரு கை தூரத்தில் நிற்கிற பவுன்ராஜை விட்டுவிட்டுத் தங்கையையும் பிள்ளையையும் மட்டும் வெளியே கூப்பிட்டிருக்கிறார். அசிங்கம் உடம்பெல்லாம் ஏறியது. தர்மக்கண் எழுந்தார். துணி கழுத்தில் தொங்கியது, அவிழ்க்க நேரமில்லை. தெருவில் இறங்கி ஓடிக்கொண்டே மறுபடியும் போன் போட்டார். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டார். கோமதிநாயகம் செருப்பில்லாமல் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார். டீக்கடையில் இருந்து யாரோ, “என்ன அண்ணாச்சி, பாதி மூஞ்சியோட எங்க ஓட்டம்?” என்றான், நாலு பேர் சிரித்தார்கள். ஆறாவது மணியில் பவுன்ராஜ் எடுத்தான்.

“மாப்ள, மிஷினை நிறுத்து. நான் தப்பாக் கடைஞ்சிட்டேன்,” என்றார். சொல்லிவிட்டார். ஆனால் சின்னக் குரலில் சொன்னார், காதோடு காதாக.

“என்னது? மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!”

“நட்டு தப்புலே! நான் தப்பாக் கடைஞ்சிட்டேன்!”

“கேக்கல மச்சான், சத்தமாச் சொல்லுங்க!”

தர்மக்கண் நடுத்தெருவில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, ஊர் கேட்கக் கத்தினார். “தப்பாக் கடைஞ்சிட்டேன்! எட்டு நட்டும் தப்பு! நான்தான் தப்பாக் கடைஞ்சேன்! நிறுத்திட்டு எல்லாரும் வெளிய ஓடுங்க!” டீக்கடைச் சிரிப்பு நின்றது. போனில் தப், தப், டிக் என்று வந்துகொண்டே இருந்தது, அவர் கத்திக்கொண்டே இருந்தார், அதையே, அதே சொல்லை, எத்தனை தடவை என்று தெரியாமல்.

திடீரென்று போனில் சத்தம் நின்றது. தப்பும் இல்லை, டிக்கும் இல்லை. பவுன்ராஜ் குரலும் இல்லை. நிறுத்திவிட்டானா, தானாக நின்றதா? “மாப்ள?” என்றார். “மாப்ள, பவுனு?” தெரு முனையில் கம்பெனியின் தகரக் கூரை தெரிந்தது. கோமதிநாயகம் அதற்குள் வாசலை எட்டியிருந்தார். கூரை மேல் காக்கை இருக்கிறதா என்று பார்த்தார், வெயிலில் தகரம் கண்ணைக் கூச வைத்தது, ஒன்றும் தெரியவில்லை. காற்று அங்கிருந்து இந்தப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. தர்மக்கண் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கப் பயந்துபோய், அப்படியே நின்றார்.